பாதி அட்டை

பருத்தித்துறையில் குளிசையைச்
சின்னக் காகித உறைக்குள் போட்டுத் தருவார்கள்.
மேலே பேனையால்: இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு.
மருந்தின் பெயர் இருக்காது.
பெயர் இல்லாததால்தான்
மாமி அதைச் சத்துக்குளிசை என்று நம்பினாள்.

கொண்டுவந்தவை அறுபது.
விசாவின் நாட்களை எண்ணியதுபோல
இதை நான் எண்ணவில்லை.

அறுபத்தோராம் நாள்
முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில்
"ஒரு குளிசை வேணும்" என்றேன்.
பையன் குளிர்பானப் பெட்டியைத் திறந்தான்.

கிளினிக் கொப்பியை நீட்டினேன்.
மந்திகை ஆஸ்பத்திரி முத்திரை,
சிங்களத்தில் ஒரு வரி,
அங்கத்தைய டொக்டரின் கிறுக்கல்.
புரட்டிப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தான்.
"இந்த ஊர் டாக்டர் சீட்டு வேணும்க்கா. யாருக்கு?"
"அம்மாவுக்கு."
அம்மா செத்து ஆறு வருஷம்.

ஒன்பது நாள்.
தலையைத் திருப்பினால்
கண் ஒரு கணம் பிந்தி வந்தது.
காதுக்குள் யாரோ நமத்த தீக்குச்சியை
உரசிக்கொண்டே இருந்தார்கள்.
ஞாயிற்றுச் சந்தையில்
மூணு சட்டை நூறு, மூணு சட்டை நூறு என்று கத்தியவனைப் பார்த்து
நின்ற இடத்திலேயே அழுதேன்.
அவன் குரலைத் தாழ்த்தி
"நாலா எடுத்துக்கோங்கக்கா" என்றான்.

"பீச்சுக்குப் போலாமா?" என்று கேட்டான் பரிதி.
நல்லவன். அவனுக்குத் தெரிந்த மருந்து அதுதான்.
முப்பது வருஷம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துதானே
எனக்கு இது வந்தது
என்று சொல்லவில்லை.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

லாஸ்பேட்டையில் டயர் கடைக்கு மேலே மாடி.
காத்திருந்த அறையெங்கும் ரப்பர் வாசனை.
டாக்டர் ஹசீனாவுக்கு என் வயதுதான் இருக்கும்.
"தூக்கம் எப்படி?"
"நித்திரை வருகுது. எழும்பத்தான் ஏலாமக் கிடக்கு."
"ஏலாமன்னா?"
"முடியல."

சொன்னதும் அது சின்னதாகிப் போனது.
முடியாதது ஏதோ ஒரு வேலை.
பாத்திரம் கழுவ முடியல, பஸ் பிடிக்க முடியல.
ஏலாமல் கிடந்தது நான்.
அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
சீட்டில் இங்கிலீஷில் எழுதியதை அடித்தாள்.
அதன்மேல் தமிழில்
ஏலாது
என்று எழுதினாள்.
கீழே மருந்து. முதல் பத்து நாள் அரை.

திரும்பவும் அதே கடை, அதே பையன்.
"அம்மாவுக்கு இப்ப பரவால்லயாக்கா?"
"எனக்குத்தான்."
சரி என்று தலையாட்டினான்,
காய்ச்சல் மாத்திரை கேட்டால் எப்படி ஆட்டுவானோ அப்படி.
அரை அரையாய்ப் பத்து நாளைக்கு ஐந்து போதும்.
அட்டையைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினான்.
"எஸ்சிட்டா" என் கைக்கு வந்தது.
"லோபிராம்" மிச்ச ஐந்தோடு டிராயருக்குள் போனது.
காலாவதித் தேதியும் அந்தப் பக்கம்தான்.

நாளைக்கோ மறுநாளோ
யாராவது வருவார்கள்.
யாருக்கு என்று கேட்டால்
அவர்களும் ஒரு அம்மாவைச் சொல்வார்கள்.
சோலை நகரில் காலையில் சங்கரா மீன் தந்தவளா,
டியூஷன் வாசலில் ஸ்கூட்டியை அணைக்காமல் நிற்கிறவளா,
எதிர்வீட்டு மாடியில்
துவைத்த சட்டையையே திரும்பத் துவைக்கிறவரா.
என் மருந்து என்றைக்குக் கெட்டுப்போகும் என்பது
இந்த ஊரில்
அந்த ஆளுக்குத்தான் தெரியும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு
வெங்காயக் கத்தியால் ஒன்றை வெட்டினேன்.
ஒரு பாதி பெரிதாக வந்தது.

பெரியதை எடுத்துக்கொண்டேன்.