பத்தில் மூன்று விநாடி

உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டு.
ஸ்கெட்ச் பேனாவில் 'எருது - 2' என்று எழுதியிருந்தது.
மாதேசன் அதைப் பால் கவரில் சுற்றி
வேப்பனப்பள்ளி பஸ்ஸில் கொண்டுவந்தார்,
முட்டை கொண்டுவருகிற மாதிரி.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் மாடியில் என் கடை.
கல்யாணம், காதுகுத்து, கவுன்சிலர் வரவேற்பு
எல்லாம் வெட்டி ஒட்டுகிற இடம்.
ஒரு எருதுக்காக இதுவரை யாரும் படி ஏறியதில்லை.

பதினாறு வருஷம் முன்னால், எருது விடும் விழாவில்,
அவருடைய செவலை
பத்தில் மூன்று விநாடியில் பரிசை விட்டது.
ஸ்டாப்வாட்ச் பிடித்தவன்
ஜெயித்தவனுக்கு மச்சினன்.
"கம்ப்யூட்டருக்கு மச்சான் கிடையாதில்ல?" என்றார்.
விநாடிக்கு இருபத்தைந்து படம், எண்ணிவிடலாம் என்றேன்.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.
"அப்ப ஏழரைப் படம்."
கொஞ்சம் நிறுத்தி,
"ஏழரை!" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

தட்டைப் போட்டேன்.
டிரைவ் முனகியது, துப்பியது,
காலி என்றது.

காலியா?
அடிப்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் காட்டினேன்:
நிறம் மாறிய வளையம், முக்கால்வாசி வரை.
எழுதியிருக்கிறது, முடிச்சுதான் போடவில்லை.
பைனலைஸ் பண்ணாத தட்டு
எழுதிய கேமராவிடம்தான் வாய் திறக்கும்.
கேமரா வேணும்ணா, சார்ஜரோட.

கேமரா தம்பியிடம்.
"படம் புடிச்சவன் நீ, வந்து பஞ்சாயத்துல காட்டு"
என்றதற்கு வராமல் போன
தம்பி கெம்பண்ணன்.
ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர்.
இவர் வீட்டில் தாளித்தால் அவர் வீட்டில் தும்மல்.
பேச்சு மட்டும் கிடையாது.

தட்டு என் மேஜை டிராயரில் கிடந்தது.
மாம்பழ லாரிகள் வந்தன, போயின.
ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சப் பையோடு வந்து நின்றார்.
"குடுத்தாரா?"
"ம்."
"என்ன சொன்னாரு?"
"பேட்டரி செத்துப்போச்சு, ஒயர்லதான் ஓடும்னான்."
பதினாறு வருஷத்துக்குப் பிறகு
அதுதான் முதல் வாக்கியம்.

ஒயரைச் செருகினேன்.
சின்னத் திரை ஏதோ கேட்டது.
"என்ன கேக்குது?"
"இதோட முடிச்சுக்கலாமான்னு.
இனிமே இதுல எதையும் ஏத்த முடியாதாம்."
"யாரு, கேமராவா கேக்குது?"
ஆமாம் என்றேன்.
வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டு
அவரே அமுக்கினார்.

இப்போது கம்ப்யூட்டருக்குள் எருது.
சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும் இடத்தை
ஒன்று எனக் குறித்தேன்.
பத்து. ஐம்பது. நூற்று இருபது.
கொம்பில் கட்டிய தட்டி காற்றில் மடங்குகிறது,
இருபுறமும் கைகள், பல்கள், துண்டுகள்.
நூற்றுத் தொண்ணூறு.
மாதேசன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.
இருநூற்றுப் பதினொன்றில்
உலகம் சாய்ந்தது.

புழுதி. ஒற்றைச் செருப்பு. யாருடைய முழங்காலோ.
வானம். மறுபடி புழுதி.
ஸ்பீக்கர் கிழிய ஒரு குரல்:
"எங்கண்ணன் எருதுடா! எங்கண்ணன் எருதுடா டேய்!"
கோட்டைப் பார்க்கவேண்டிய கேமரா
குதித்துக்கொண்டிருந்தது.

திரும்ப ஓட்டச் சொன்னார்.
திரும்ப.
நான்காம் முறை படத்தைப் பார்க்கவில்லை,
காதை மட்டும் கொடுத்தார்.

"கோடு இல்லண்ணா இதுல."
"இல்ல."
"எங்க வெட்டட்டும்? சாயுற எடத்துலயா?"
"வெட்டாத."
பிறகு, எனக்கில்லை, சுவருக்குச் சொல்வதுபோல:
"இதெக் கொண்டாந்து எப்படிக் காட்டுவான் பஞ்சாயத்துல."

இருநூறு ரூபாய் கேட்டேன், நூற்றைம்பது கொடுத்தார்.
பென்டிரைவை மேல்சட்டைப் பையிலும்
கேமராவை மஞ்சப் பையிலும் வைத்துக்கொண்டு இறங்கினார்.
சார்ஜர் என் சுவரிலேயே தொங்கியது.
படிக்கட்டில் நின்று கூப்பிட்டேன்.
ஓசூர் பஸ் அடித்த ஹாரனில்
கேட்டதோ என்னவோ.
"அவன் வந்து வாங்கிக்குவான்" என்று சொன்ன மாதிரியும் இருந்தது.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.
கடை சாத்தும் முன்
அந்த ஏழரைப் படத்தை நான் ஒருதரம் தேடிப் பார்த்தேன்.
ஐந்தில் புழுதி.
இரண்டில் செருப்பு.
அரைப் படம் என்று ஒன்று
கிடையவே கிடையாது.