ஏழாம் இடம்

கருசூ சதுப்பு இன்னும் உறையவில்லை.
எஸ்தோனியாவின் அக்டோபர் இப்படித்தான்:
ஒவ்வோர் அடிக்கும் பாசி உள்வாங்கி
யோசித்து யோசித்துக்
காலைத் திருப்பித் தரும்.

வம்போலாவுக்குச் சில சட்டங்கள்.
மெல்லிய உறை, அதன்மேல் கம்பளி உறை,
பூட்ஸுக்குள் விரல் ஆட இடம்.
"இறுக்கினால் ரத்தம் ஓடாது,
ரத்தம் ஓடாவிட்டால் எதைப் போட்டும் குளிர்தான்."
மூன்று உறை மாட்டி வருகிறவனை
வேட்டையில் அவன் சேர்ப்பதேயில்லை.

எல்லாம் கேட்டேன், எல்லாம் செய்தேன்.
ராத்திரி முழுக்கச் செய்தித்தாள் திணித்து உலர்த்திய பூட்ஸ்.
நடையில் வியர்க்காதிருக்கக் கோட்டைத் தோளில் போட்டு வந்தேன்.
மூஸ் மானுக்காக நாங்கள் நிற்கும் வரிசையில்
ஏழாம் இடம் என்னுடையது.
அதற்கு நூறடி முன்னால்
தரை என்று நம்பிய ஒரு பச்சை
தரையில்லை.

இடது கால் தொடைவரை போனது.
தேநீர் நிறத் தண்ணீர்
பூட்ஸ் வாய் வழியே
அவசரமே இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தது.

முதலில் வலிக்கும். பிறகு எரியும்.
பிறகு ஒன்றும் இராது.
பயப்பட வேண்டியது அந்த ஒன்றுமில்லாததற்கு.

நாற்பது நிமிடம் பல்லைக் கடித்தேன்.
துமேயின் குரைப்பு தெற்கே, இன்னும் தெற்கே.
இன்று எனக்கில்லை என்று பட்டது.

துப்பாக்கியைக் குட்டைப் பைன் மரத்தில் சாய்த்துவிட்டு
பூட்ஸைக் கவிழ்த்தேன்:
தண்ணீர், பாசி, ஒரு கிரான்பெரி.
உரித்த உருளைக்கிழங்காய் வெளுத்த பாதத்தைத்
தொப்பியால் துடைத்தேன்.
சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த
மாற்று உறையை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தேன்.

பை சரசரத்தது.
நிமிர்ந்தால்
முப்பது தப்படியில் மூஸ்.

அத்தனை எடை எப்படிச் சத்தமில்லாமல் வந்தது!
நான்கு காலும் முட்டியளவு தண்ணீரில்.
அதைப் பற்றி அதற்கு
ஒரு யோசனையும் இல்லை.
ஒற்றைக் காலில் நான், வாயில் கம்பளி,
கைக்கெட்டாமல் துப்பாக்கி.
அதன் மூக்கிலிருந்து ஆவி.
என் வெறுங்காலிலிருந்தும்.

முதலில் ஆடிப்போனது நான்தான்.
அப்புறம், தண்ணீர்
தன்னை மூடிக்கொள்ளும் ஒலி.

வாக்கிடாக்கி கரகரத்தது.
"ஊர்வே, உன் பக்கம்தானே வந்தது? பார்த்தாயா?"
நான் குதிகாலைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.
கம்பளி காலைப் பிடித்துக்கொண்டது.
யாரோ ஒவ்வொன்றாய்க் கிள்ளுவதுபோல்
விரல்களுக்கு உயிர் வந்தது.
அழலாம் போன்ற சுகம்.
"இல்லை," என்றேன்.

சாயங்காலம் நெருப்பைச் சுற்றி நட்ட குச்சிகளில்
எல்லோருடைய உறைகளும் புகைந்தன.
துமேயின் பாதங்களை ஒவ்வொன்றாய்
உள்ளங்கையில் ஏந்தித் துடைத்த வம்போலா
என் இடது பூட்ஸைப் பார்த்தான்.
விளிம்பில் எட்டிப் பார்த்தது
பேக்கரியின் நீல எழுத்து.

"அங்கே ரொட்டி சாப்பிட்டாயா?"
"ஆமாம்."

சூப்பைக் கிளறினான்.
மூஸ் இல்லை அதில்,
வெங்காயமும் பார்லியும் மட்டும்.
உப்பை என் பக்கம் தள்ளிவைத்தான்.