காரணம் என்கிற கட்டம்

மஞ்சக்குப்பம் கூட்டுறவு வங்கியில்
விடுப்புப் பதிவேடு என் மேசையில் இருக்கிறது.
யார் எப்போது வரவில்லை என்று எழுதுவதற்காக
பதினேழு வருடமாய் நான் வந்துகொண்டிருக்கிறேன்.

ஞானப்பிரகாசம் சாருக்கு ஓய்வுக்கு எட்டு மாதம்.
அவர் விண்ணப்பம் ஒரு முழுப் பக்கம்.
அனுப்புநர், பெறுநர், பொருள்,
நடுவில் ஒரு சாவு.
நெல்லிக்குப்பத்துப் பெரியப்பா மட்டும்
என் பதிவேட்டில் மூன்று முறை இறந்திருக்கிறார்.
இரண்டு தடவை மாரடைப்பு,
ஒரு தடவை கிணறு.

அஃப்ரினுக்கு இருபத்து நாலு.
ஓ.டி.யிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.
சேர்ந்த இரண்டாம் மாதம்
மேலாளர் வாட்ஸ்அப்புக்கு ஒரே வரி அனுப்பினாள்:
'நாளைக்கு லீவ் எடுத்துக்கிறேன் சார்.'

அன்று மதியம் சோறு யாருக்கும் இறங்கவில்லை.
'எடுத்துக்கிறேனா?
எடுத்துக்கிறதுக்கு இதென்ன மல்லாட்டையா?'
'பன்னெண்டு நாள் என்னோடது சார்.
என் பையிலேர்ந்து எடுக்க
நான் ஏன் கதை சொல்லணும்?'
டிபன் பாக்ஸை மெதுவாக மூடினார்.
'காரணம் சொல்லலைன்னா
ஆளே வேணாம்னு அர்த்தம்மா, எங்களுக்கு.'

அவர் போன் அடித்தால்
யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பதறுவாள்.
அவர் அனுப்பும் நீண்ட செய்திக்கு
அவள் ஒரு கட்டைவிரல் போட்டால்
'பாத்தியா, பழிப்புக் காட்டுறா' என்று
என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்.

எனக்கு நாற்பத்து மூன்று.
இரண்டு பக்கமும் எனக்குப் புரியும் என்று நினைத்திருந்தேன்.
என் விண்ணப்பங்களில் எப்போதும்
'சொந்த வேலை காரணமாக.'
பொய்யுமில்லை, உண்மையுமில்லை.
என் வயசுக்காரர்கள் எல்லாரும்
அந்த மூன்று சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறோம்.

ஐப்பசி. கெடிலத்தில் தண்ணீர் வந்த வாரம்.
என் மேசைமேல் அவர் கையெழுத்தில் ஒரு தாள்.
தேதி, பெயர்,
'இரண்டு நாள் விடுப்பு.'
பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்,
அங்கேயும் யாரும் சாகவில்லை.

சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த மேலாளர்
கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்:
'காரணம் காலியா இருக்கே?'
சொந்த வேலை என்று சொல்ல வாயெடுத்தேன்.
கவுண்டரில் நோட்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டே
தலை நிமிராமல் அஃப்ரின் சொன்னாள்:
'அவர் பெரியப்பா தவறிட்டாங்க சார்.
நெல்லிக்குப்பம்.'
மேலாளர் என் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார்.
'ஏற்கெனவே மூணு தடவை...'
'இவர் வேற பெரியப்பா சார்.'

எண்ணி முடித்துக் கட்டுக்கு ரப்பர் போட்டாள்.

சாயந்திரம் ஷட்டர் இறக்கும்போது எனக்கு மட்டும் சொன்னாள்.
காலையில் பாண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் அவர்.
மடியில் ஜிப்மர் ஃபைல்.
பக்கத்தில் ஒரு அம்மா, அவர் தோளில் தலை சாய்த்து.
'யாருன்னு கேட்டியா?'
'இல்லக்கா.
சிக்னல்ல என் வண்டியப் பாத்துட்டாரு.
நான் கட்டைவிரல் காட்டினேன்.'
'அவரு?'
'அவரும்.'

வியாழக்கிழமை வந்தார்.
வந்ததும் வராததுமாய்
தேதி முத்திரையை அவள் திருப்பவில்லை என்று
கூடம் அதிரக் கத்தினார்.
அவள் ஒரு காதிலிருந்து மட்டும்
இயர்போனை எடுத்தாள்.

பதிவேட்டில் அந்தக் கட்டம்
அதுவரை காலியாகவே கிடந்தது.
பேனாவை உதறி,
நெல்லிக்குப்பத்துப் பெரியப்பாவை
நான்காம் முறையாக அடக்கம் செய்தேன்.
இந்தத் தடவை முதுமை என்று போட்டேன்.