பொறுக்கினேன்

லாபிஸ் போலீஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில்
என் ஜெராக்ஸ் கடை.
பக்கத்துக்குப் பத்துக் காசு.
ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கும்போது
சார்ஜன் லத்தீப் சாலையைக் கடந்து வந்தார்:
"காக், தமிழ் பேச ஓர் ஆள் வேணும்."
நாற்பத்தாறு வருடமாகப் பேசுகிறேன்.
இந்த ஊரில் அதற்காக ஆள் தேடி வந்தது
அன்றுதான்.

பெஞ்சில் பூங்கோதை.
செம்பனைக் காட்டு மண் காய்ந்த பூட்ஸ்.
கையில் விலங்கில்லை,
ஆனாலும் இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தாள்.
மேசையடியில் உரச்சாக்கு,
அதற்குள் உதிரிப்பழம் முப்பத்தோரு கிலோ.
அறை முழுக்கப் பச்சை எண்ணெய் வாடை.

"எதுக்குக் கூட்டியாந்தாங்க, தெரியுமா?"
"சாக்கைப் பாக்கணும்னு சொன்னாங்க."
சார்ஜன் பிரிவு எண்ணைச் சொன்னார், நான் பெயர்த்தேன்.
எண் எல்லா மொழியிலும் எண்தான்,
அவள் தலையாட்டினாள்.

பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.
சிகாமட்டிலிருந்து கோப்ரல் நோராஷிகின் வரும்வரை
மூவரும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
வந்தாள், தோள்பட்டையில் குழந்தை கக்கிய பால்
இன்னும் காயாமல்.
கதவு சாத்திப் பத்து நிமிடம்.
பிறகு பேரேடு:
நான்கு வெள்ளி, கைப்பேசி,
கழுத்தில் மஞ்சளாய் ஒன்று. இதற்குப் பெயர்?
தங்கம் அடகுக்கடையில், மிச்சம் நூல்தான்.
"தாலி" என்றேன்.
"தாலியென்றால் எங்களுக்குக் கயிறு, காக்."
"எங்களுக்கும் அதேதான்."
எழுதிக்கொண்டாள்.
லாக்கப்பில் கயிறு ஆகாது, கழற்றணும்.
பூங்கோதை தானே கழற்றி
மடித்து, அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒரு போன் பண்ணலாம், உரிமை உண்டு.
வக்கீலுக்கும் பண்ணலாம்.
இந்தத் தாளை எத்தனை நூறு பிரதி எடுத்திருப்பேன்,
ஒரு வரியிலும் என் கண் நின்றதில்லை.
அவள் பக்கத்து வீட்டுக்குப் பண்ணினாள்:
"குக்கர்ல சோறு இருக்கு.
சின்னவளை உள்தாழ்ப்பாள் போட்டுக்கச் சொல்லு."
எங்கிருந்து பேசுகிறாள் என்று சொல்லவில்லை.
வக்கீலின் போன் அடித்து அடித்து நின்றது.
"அவர் வர்ற வரைக்கும் பேசாம இருக்கலாம்மா."
"காலைல பெரட்டுக்குப் போகணும், இப்பவே சொல்லிடுறேன்."

சொன்னாள்.
நான் சொன்னேன்.
லத்தீப் இரண்டு விரலால் தட்டினார்.
கையெழுத்துக்கு முன்னால்
அவள் மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும்,
தப்பிருந்தால் திருத்தலாம். அதுவும் சட்டம்தான்.
படித்தேன்:
"...மாலை ஐந்து மணிக்கு நான் திருடிய பழங்களை..."
"அப்படி நான் சொல்லலையே."
"பின்னே?"
"பொறுக்கினேன்னு சொன்னேன்.
விழுந்து கெடந்தது, பொறுக்கினேன்."

அவள் லத்தீப்பைப் பார்த்தாள்.
லத்தீப் என்னைப் பார்த்தார்.
மலாயில் 'சூரி' என்று சொன்ன வாய் என்னுடையது.
அவசரத்தில் வந்துவிட்டது என்று சொல்லலாம்.
அவசரத்தில் ஏன் அந்தச் சொல் வந்தது?
சாக்கைப் பார்த்ததுமே
எனக்குள் வழக்கு முடிந்திருக்கும்.

"கூத்திப்," என்றேன், "அவள் சொன்னது கூத்திப்.
தப்பு என்னுடையது, சார்ஜன்."
"ரெண்டும் ஒண்ணுதானே, காக்?"
"மாத்துங்க," என்றாள் நோராஷிகின்,
பேரேட்டிலிருந்து தலை நிமிராமல்.
ஒவ்வோர் எழுத்தாகப் பின்னோக்கி அழிந்தது.
மை தீர்ந்து பிரிண்டர் நின்றுவிட,
இரவு பதினொன்றரைக்குக் கடையைத் திறந்து
நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் சிகாமட்டில்
நான்கு நாள் காவல் கேட்டார்களாம்,
மாஜிஸ்திரேட் ஒரு நாள் கொடுத்தாராம்.
அந்த ஒரு சொல்லாலா, தெரியாது.
வழக்கு இன்னும் இருக்கிறது.
சாக்கும் இருக்கிறது, சாட்சிப்பொருள்,
பழம் அழுகி வாடை சாலை தாண்டி வருகிறது.

திருத்தாத பிரதி ஒன்று
இன்னும் என் மேசை இழுப்பறையில்.
கிழித்திருக்கலாம்.