எப்போது எடுக்கிறார்கள்

குப்பண்ணனின் மாமனார் தவறிவிட்டாரென்று
லீ பஜாருக்குப் போன் வந்தபோது
மூட்டைக் கணக்கில் இருந்தேன்.
அழகாபுரம், குறுக்குத் தெரு, பச்சைக் கேட்.
பூ மார்க்கெட்டில் நூற்றெண்பது சொன்ன ரோஜா மாலையை
நூற்று நாற்பதுக்கு முடித்து
வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போனேன்.

பச்சைக் கேட்.
வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு.
உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில்
எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள்.
ஒரு பெண் துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்தாள்.
மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
கடைசி நாற்காலியில் ஒட்டிக்கொண்டேன்.
மடியில் மாலை. ஈரம் வேட்டியில் இறங்கியது.

வேறென்ன கேட்பது, பக்கத்துப் பெரியவரிடம் குனிந்து
"எப்பங்க எடுக்கறாங்க?" என்றேன்.
அவர் கடிகாரம் பார்த்தார்.
"டீ வந்ததும் எட்டாவது எடுத்தரலாங்க."

எட்டாவதா?

அப்புறம்தான் பார்த்தேன்,
எல்லோர் மடியிலும் ஒரே நீல அட்டைப் புத்தகம்,
என் மடியில் மட்டும் மாலை.
எதிரே இருந்த கல்லூரிப் பையன்
சிரிக்காமலிருக்க என்ன பாடு பட்டான்.
துப்பட்டா நுனியை விடாமலே அந்தப் பெண் சொன்னாள்:
"தப்பா வரலைங்க நீங்க.
ஏழாவது அத்தியாயத்துல
மரியபுஷ்பம் போய்ட்டா."

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது.
அதே பழக்கத்தில்
இங்கேயும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த தெருவில் இன்னொரு பச்சைக் கேட்.
தெரு முடியும் இடத்தில் ஏற்காடு மலை
மேகத்தைத் தோள்வரை இழுத்துப் போர்த்தியிருந்தது.
ஐஸ் பெட்டிமேல் மாலையை வைத்தேன்.
கண்ணாடிக்குள் ஒரு நரைத்த மீசை.
இவரையும் எனக்குத் தெரியாது.
எதற்குச் சிரிப்பார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை,
யாரிடம் போய்க் கேட்பது?
குப்பண்ணன் கையைப் பிடித்துவிட்டு வெளியே வந்து
காலை நுழைத்தால்
செருப்பு என்னுடையதில்லை.

திரும்பிப் போனேன். கேட்டைத் தாண்டவில்லை,
துட்டிக்குப் போனவன் குளிக்காமல்
ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது?
கடிகாரம் பார்த்த பெரியவர்தான் வந்தார்,
தேசிங்கு, மின்வாரியத்தில் இருந்தவராம்.
என் செருப்பைப் போட்டிருந்தார்.
"உங்களது கொஞ்சம் லூசுங்க."

மாற்றிக்கொண்டோம்.
கிளம்ப வேண்டியதுதான். வாய் வேறொன்று கேட்டது.
"அந்தம்மாவுக்கு என்னங்க ஆச்சு?"
"எந்தம்மா?"
"மரியபுஷ்பம்."

அவர் பதில் சொல்லவில்லை.
உள்ளே போய்த் தன் புத்தகத்தை எடுத்துவந்து
கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார்.
"அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு, மாலை நாலு மணி.
மாலை இல்லாம வாங்க."

பேரேடும் லாரி ரசீதும் தவிர
எதையும் முழுதாகப் படித்தவனில்லை நான்.
மண்டியில் லோடு வராத நேரம்
புளி மூட்டையில் சாய்ந்தபடி
நாளுக்கு நாலு பக்கம்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில்
மரியபுஷ்பம் கருவாட்டுக்காரனோடு
ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறாள்.
விட்டுக்கொடுப்பவளாகத் தெரியவில்லை.
ஏழாவது அத்தியாயம் நூற்றுப் பன்னிரண்டில் முடிகிறது.
அவளுக்குத் தெரியாது.

இன்றைக்கு
இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.