நாற்பதாவது அடி

ராய்ப்பூரில் போட்டிருக்கிறேன். கும்லாவில், கோராபுட்டில்,
நாக்பூர் தாண்டி ஆடுகூட மேயாத ஒரு கரட்டில்.
பத்தொன்பது வருஷம், திருச்செங்கோட்டு ரிக் வண்டி.
தேசத்தை அடியிலிருந்து பார்த்தவன் நான்.
சென்னையை மட்டும் பார்த்ததில்லை
என்றால் சிரிக்கிறார்கள்.

பகலில் கனரக வண்டிக்குத் தடை.
வண்டலூரில் டயர் நிழலில் படுத்திருந்துவிட்டுக்
கன்னம் வைப்பவர்கள் புகும் நேரத்தில் புகுந்தோம்.

கேளம்பாக்கம் தாண்டியதும் டிரைவர் பொன்னுரங்கம்
ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான்.
முதலில் ஒன்று. பிறகு நான்கு.
பிறகு எண்ணுவதற்கே வெட்கமாகிவிட்டது.
மூன்றரை மணிக்கு மாடிக்கு மாடி வெளிச்சம்:
உள்ளே இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் சாயங்காலமாம்.
தலைவிரி கம்பிகளோடு மெட்ரோ தூண்கள்
சாலைக்கு நடுவகிடு எடுத்து நின்றன.
பூட்டிய கடையொன்றின் கண்ணாடிக்குள்
ஆள் நீட்டிப் படுக்கிற வெள்ளைக் குளியல் தொட்டி,
அதன்மேல் ஒற்றை விளக்கு,
யாரோ பெரிய மனிதர் காலமான மாதிரி மரியாதை.
சிவப்பு சிக்னலில் நின்றபோது விலைச்சீட்டைப் படித்தேன்.
அறுநூறு அடி கருங்கல்லைத் துளைத்தால் வாங்கலாம்.

பொய் எதற்கு. அழகாக இருந்தது.
கழுத்து வலிக்கிற அழகு.

சோழிங்கநல்லூருக்கு உள்ளே, முப்பத்தோரு மாடி.
பெயர் லேக் சாங்சுவரி.
ஏரி எங்கேங்க என்றேன்.
மேனேஜர் டெல்லிபாபு பதில் சொல்லாமல்
ஷூக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார்.
வாசலில் தண்ணீர் லாரிகள்,
ஒன்றின் முதுகில் ஒன்றின் மூக்கு.
“இன்னா, எம்மாம் அடில வரும்?”
பாக்கலாமுங்க.

கேட்டில் நின்ற சுக்ரா கும்லாக்காரன்.
சொந்த மாநிலத்துத் தலைநகரில்
நான் வாய்விட்டுப் பேசிய முதல் ஆள்.
பேசியது இந்தியில்.
எங்கள் பக்கம் எத்தனை அடி என்றான். முந்நூறு.
ருசி?
மீட்டா என்றேன்.
அவன் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது.

ஒன்பது மணிக்குக் கம்ப்ரசர் போட்டோம்.
முதல் ராடில் வந்தது சிமெண்ட் சாக்கு, செங்கல்,
யாருடைய செருப்பு வாரோ ஒன்று.
இரண்டாவது ராடில் சத்தம் மாறியது.
பாறை என்றால் கத்தும், பழகிய கத்தல்.
இது கத்தவில்லை. விட்டுக்கொடுத்தது,
தூங்குகிறவன் வயிற்றில் கை வைத்தாற்போல.
நாற்பதாவது அடியில் கறுப்பாகக் கக்கியது.
சேறு. கோரை வேர்.
விரல் நகமளவு சங்குகள், நூறா ஆயிரமா.
அப்புறம் அந்த வாடை.

மேலே ஜன்னல்கள் மூடத் தொடங்கின.
நாலாவது மாடி, ஏழாவது, பன்னிரண்டு என்று
வாடை ஏறுகிற கணக்கைக்
கண்ணாடிகள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.
டெல்லிபாபுவின் இரண்டு போன்களும் அடித்தன.
அப்போதுதான், சீவி வைத்த புல்தரையைத் தாண்டி,
ஒரு கொக்கு வந்து எங்கள் சேற்றில் இறங்கியது,
வீட்டுச் சாவி வைத்திருப்பவர் நடையோடு.
கம்ப்ரசருக்குக்கூட அசையவில்லை.

தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.
டெல்லிபாபு என் முகத்தைப் பார்த்தார்,
இன்னொரு லாரிக்கு போன் போட்டார்.

கூலிக்குக் காத்து நிற்கையில் கேட்டேன்,
மேலே ஒருக்கா போய்ப் பாக்கலாமுங்களா.
சர்வீஸ் லிஃப்டில், குப்பை டிரம்களோடு ஏற்றிவிட்டார்கள்.
கும்லாவில் தண்ணீர் கிடைக்கிற ஆழம் எவ்வளவோ
அவ்வளவு உயரத்தில், காது அடைக்க நின்றேன்.
கிழக்கே கடல், அத்தனையும் தண்ணீர்.
வடக்கே கிரேன்கள், இன்னும் கிரேன்கள்.
கீழே நான் போட்ட துளையைத் தேடினேன்.
தெரியவில்லை.
வெள்ளையாக ஒரு புள்ளி மட்டும்
நகர்ந்து நகர்ந்து
எதையோ கொத்திக்கொண்டிருந்தது.