தேவையற்ற ஒலிகளை நீக்கவும்

நாகலூரில் கரண்ட் போய்விட்டால்
எனக்கு ஜப்பான் நின்றுபோகும்.
லேப்டாப்பில் நாற்பது நிமிடச் சார்ஜ்.
அதற்குள் அகிதாவில் ஒரு பெரியவர்
தன் மனைவிக்குக் கஞ்சி ஊட்டி முடிக்க வேண்டும்.

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில்
ஒன்பது வருடம் மொழிபெயர்ப்பாளர் வேலை.
அண்ணனுக்கு வலப்பக்கம் விழுந்த மாதம்
மலையேறி வந்துவிட்டேன்.
இப்போது பிழைப்பு இது:
படுத்திருப்பவரும் பார்த்துக்கொள்பவரும் பேசுவதை
ஒரு பல்கலைக்கழகம் பதிந்து அனுப்பும்.
கேட்டு எழுதி நேரம் குறிக்க வேண்டும்.
மௌனம் என்றால் அடைப்புக்குறிக்குள் வினாடி.
இருமல் என்றால் இருமல்.
கரண்டி கிண்ணத்தில் இடித்தால்
அதற்கும் ஒரு குறி உண்டு.

பதிவு எண் பதினான்கு.
பெரியவர் பேசிக்கொண்டே இருக்கிறார்.
கூரையில் பனி ஏறிவிட்டது,
பக்கத்து வீட்டு நாய் செத்துப்போனது,
இன்றைக்கு உப்பு கொஞ்சம் குறைவு, மன்னித்துக்கொள்.
அந்தம்மா சொல்வது ஒன்றே ஒன்று: 'உன்'.
நாம் ம் கொட்டுவோமே, அது.
தமிழில் எழுதினால் உன்னுடைய என்றாகிறது.
எது என்னுடையது என்று
அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது.
கட்டுரைக்குச் சுத்தப் பிரதி தேவை.
தேவையற்ற ஒலிகளை நீக்கவும்.
தேடி அழி என்று கொடுத்தேன்.
இருநூற்றுப் பதினொன்று, ஒரே நொடியில்.
சுத்தமாகத்தான் இருந்தது.
ஆளில்லாத அறையில் ஒரு கிழவர்
உப்புக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் கரியராமன் லாரி டிரைவர்.
காப்பியும் மிளகும் ஏற்றி
முப்பது வருடம் மலை இறங்கியவன்.
அவனிடம் மிச்சமிருப்பது ஒரு மெய்யெழுத்து.
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று
பள்ளிக்கூடத்தில் சொன்னதை நம்பாதீர்கள்.
தண்ணீர் என்றால் கால்தான், மகரக்குறுக்கம்.
புரட்டிப் படுக்கவை என்றால் ஒன்றரை.
ராத்திரியில் சில ம்
நான் எழுந்து விளக்குப் போடும்வரை நீளும்.

செவ்வாய்க்கிழமை சேலத்துக்கு
டாக்டரிடம் காட்ட இறக்கினோம்.
பின்சீட்டில் கண்ணை மூடிக் கிடந்தான்.
இருபதாவது கொண்டை ஊசிக்கு முன்னால்
'ம்' என்றான்.
பத்தொன்பதுக்கு முன்னால் 'ம்'.
வலிக்கிறதா என்றேன், பதிலில்லை.
பதினெட்டில்தான் எனக்கு உறைத்தது,
டாக்ஸிப் பையன் ஹாரன் அடிப்பதேயில்லை,
இவன் அடித்துக்கொண்டு வருகிறான்.
ஒன்பதாவது வளைவில் இரண்டு தடவை.
எதிரே மூஞ்சியில் மூடுபனியோடு
ஏற்காடு பஸ் ஏறி வந்தது.

'நாம சொல்றது இவருக்குப் புரியுதாம்மா?'
டாக்டர் என்னைத்தான் கேட்டார்,
அவனைத் தாண்டி, நாற்காலிக்கு மேலாக.
'இருபத்தொண்ணு சார்' என்றேன்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
பிறகு சீட்டில் எதையோ எழுதினார்.
மூன்று வினாடி, நான்கு இருக்கலாம்.

அழித்ததை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன்.
ஒவ்வொன்றாக உட்கார்ந்தன, அதது இடத்தில்.
பனிக்கு ஒன்று, நாய்க்கு இரண்டு.
உப்புக்கு ஒன்று, கொஞ்சம் நீளமாக.
மெயிலில் முதலில் எழுதியது:
யாரையாவது நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால்
பெரியவரை நீக்கிக்கொள்ளுங்கள்.
திமிர் என்று நினைப்பார்கள், அழித்தேன்.
இவை ஒலிகள் அல்ல, பதில்கள் என்று
இன்னொரு வரி எழுதி
அனுப்பு என்பதை அமுக்கும்போது
கரண்ட் போனது, வைஃபையும்.

மேலே சில்வர் ஓக் மரங்களுக்குள்
மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.
தடவித் தடவிக் கிண்ணத்தை எடுத்துப்போய்
முதல் கரண்டி ஊட்டிவிட்டு,
ஒரு வருடம் நாலு மாதமாக
கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டேன்.
உப்பு போதுமாண்ணா?

நேரம் குறிக்கவில்லை.